படிக்க மாட்டேன் என்ற அண்ணன்

துபாயின் அல் குசைஸ் பகுதியில், எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நானும் அவரும் பல வருடங்கள் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். நிறுவனம் உணவுப் பொருட்களுக்கான குளிர்பதனக் கிடங்குகளை நடத்துகிறது. மீன், இறைச்சி, பால், பழம் என்று துபாயில் வந்து இறங்குவதில் ஒரு பங்கு எங்கள் கிடங்குகளில் தங்கிப் பிறகு கடைகளுக்குப் போகும். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எது எப்போது கெட்டுப்போகும், எது யாருக்குப் போக வேண்டும் என்ற விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அது நின்றுவிடாமல், மெதுவாகாமல், அதில் உள்ள எதுவும் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. டிபிஏ என்று சொல்வார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை எங்களை யாருக்கும் ஞாபகம் வராது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நன்றாகவே மூத்தவர். நான் சாத்தூர்ப் பக்கம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். முதல் சில மாதங்கள் அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசும் வேகம் அவருக்குப் பிடிபடாது. பிறகு பழகிவிட்டது. குசைஸிலேயே நாலு தெரு தள்ளி அவர் வீடு. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு பிளவுஸும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பார்.

எங்களுக்குப் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். ஜோர்டான்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். வந்த சில வாரங்களில் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, இனிமேல் அவரவர் வேலைக்கு வெளியே இருக்கும் ஏதாவது இரண்டு விஷயங்களை வருடாவருடம் படித்தே ஆகவேண்டும் என்றார். கிளவுட் படிக்கலாம், புரோகிராமிங் படிக்கலாம், பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கலாம், பேசக் கற்றுக்கொள்ளலாம், எதுவானாலும் சரி. டேட்டாபேஸ் மட்டும் தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்ச காலத்தில் நாற்காலி இருக்காது என்று அவர் சொன்னபோது எங்கள் இருவரையும்தான் பார்த்தார். எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் கொடுக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் நான் ஏன் என்று கேட்டேன்.

"கண் டொக்டரிட்டப் போய், நீங்கள் பல்லுப் புடுங்கவும் பழகுங்கோ எண்டு ஆராவது சொல்லுவினமே, பிள்ளை?" என்றார். "எனக்கு இது தெரியும். இது போதும். நான் வேற ஒண்டும் படிக்க மாட்டன்."

அதைப் பிடிவாதம் என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். என்னிடம் அவர் இன்னொரு நாள் காரணம் சொன்னார். சண்டைக் காலத்தில் அவர் குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்குவார்கள், முடிவதற்குள் ஊர் மாறிவிடும். அடுத்த பள்ளிக்கூடத்தில் வேறு பாடம் நடந்துகொண்டிருக்கும். எதையும் அவர் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. கொழும்புக்கு வந்த பிறகு தற்செயலாக டேட்டாபேஸ் வேலை கிடைத்தது. தான் முழுவதுமாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் சொன்னதில் வெறும் வீம்பு இருக்கவில்லை என்பதை அந்தக் கோடையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நாள் மதியம் டிஸ்க்குகள் இருந்த பெட்டி பழுதாகி, டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டது. கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டின. வெளியே கொதிக்கிற வெயில், லாரிக்குள் மீனும் பாலும். மேலாளர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். டிஸ்க் விற்ற கம்பெனிக்காரர்கள் போனில் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். முடிவில், கடைசியாக எடுத்த பேக்கப்பைப் போட்டு, இன்றைய தினத்தை விட்டுவிடலாம் என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். எந்தக் கோப்பு நல்லதாக இருக்கிறது, எது உடைந்திருக்கிறது, உடைந்ததை எதிலிருந்து திரும்பக் கட்டலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கை கீபோர்டில் வேகமாக ஓடவில்லை. ஒரு கட்டளையை அடிப்பார், படிப்பார், பிறகுதான் என்டரை அழுத்துவார். மாலைக்குள் ஒரு பெட்டி விவரமும் தொலையாமல் எல்லாம் திரும்பி வந்தது. மேலாளர் அவர் தோளைத் தட்டினார். அடுத்த வாரமே, எந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்று மறுபடியும் கேட்டார்.

நான் ஒன்றுக்குக் கிளவுட் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொன்று என்ன போடுவது என்று தெரியாமல் இருந்தபோது, பாதுகாப்புப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் முதலுதவி தெரிந்த ஓர் ஆள் வேண்டும், யாராவது வாருங்கள் என்று. வகுப்பு வேலை நேரத்திலேயே நடக்கும். அங்கே இருக்கும்வரை வேலைப் போன் எடுக்க வேண்டாம். அதற்காகத்தான் போனேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இருக்கவில்லை. மேலாளர் சிரித்துவிட்டு, சரி, இதுவும் கணக்கில் சேரும் என்றார். அண்ணனும் சிரித்தார். டேட்டாபேஸ் விழுந்தால் அதன் நெஞ்சில் அழுத்தப் போகிறாயா என்று கேட்டார்.

வகுப்பில் செக்யூரிட்டி ஆட்கள், டிரைவர்கள், கேன்டீன் சமையல்காரர் ஒருவர், நான். அலுவலக மாடியிலிருந்து வந்தவள் நான் மட்டும்தான். சொல்லிக்கொடுத்தவர் பிலிப்பைன்ஸ்காரப் பெண், பல வருடம் நர்ஸாக இருந்தவர். தரையில் ரப்பர் பொம்மையைக் கிடத்தி, ஒவ்வொருவராக மண்டியிட்டு அழுத்தச் சொன்னார். எனக்குக் கூச்சம். துப்பட்டா நழுவிக்கொண்டே இருந்தது. நான் அழுத்தியது போதவில்லை என்று என் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினார். மனித நெஞ்சு அவ்வளவு ஆழம் உள்ளே போகும் என்று நான் நினைத்ததில்லை. விலா எலும்பு உடையும் சத்தம் கேட்கலாம், கேட்டாலும் நிறுத்தக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். இதயம் நின்றவர் சில சமயம் வாயைத் திறந்து திறந்து காற்றை இழுப்பது போல் செய்வார். பார்ப்பவர்கள் மூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது மூச்சில்லை. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார். செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒரு நேபாளத்துக்காரர் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

குளிர்காலம் வந்தது. ஒரு சாதாரண நாள், மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் இருவரும் பேன்ட்ரியில் நின்றுகொண்டிருந்தோம். கிடங்கு ஒன்றில் ஸ்கேனர்கள் மெதுவாக ஓடுகின்றன என்று புகார். அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரில் தண்ணீர் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தார். நாற்காலி நகர்ந்துவிட்டது. பக்கவாட்டில் விழுந்தார்.

நான் கத்தியிருக்க வேண்டும், ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அக்கவுண்ட்ஸில் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் வலிப்பு என்று நினைத்து, தன் சாவிக்கொத்தை அண்ணன் உள்ளங்கையில் வைத்து மூடினார். தூக்கி உட்கார வையுங்கள் என்று யாரோ இந்தியில் சொன்னார்கள். அண்ணன் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார் சாவி கொடுத்தவர்.

எனக்கு அந்த வாயசைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பிறகு பல பேர் கேட்டார்கள். ஒரு மதியம் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான்.

"அது மூச்சில்ல. தள்ளுங்க எல்லாரும்" என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்க சுவரில் மாட்டியிருக்கும் ஷாக் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மண்டியிட்டு, அவர் சட்டைப் பித்தான்களைப் பிய்த்து, நெஞ்சின் நடுவில் கை வைத்தேன். தினமும் பக்கத்தில் உட்கார்ந்தும், அதுவரை ஒரு பேனாவைக் கொடுக்கும்போதுகூட அவர் விரல் என்மேல் பட்டதில்லை.

சத்தமாக எண்ணினேன். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், வாயில் தமிழ்தான் வந்தது. கொஞ்ச நேரத்திலேயே என் கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. நிறுத்தவில்லை. மேலாளர் பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் திறந்து வைத்தார். அதிலிருந்த பட்டைகளை அண்ணன் நெஞ்சில் ஒட்டினேன். விலகச் சொல்லிப் பெட்டி பேசியது, எல்லோரும் விலகினோம், அண்ணன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தச் சொன்னது. என் தோள் சோர்ந்தபோது அந்த நேபாளத்துக்காரர் கீழ்த்தளத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, என் எண்ணிக்கை முடிந்ததும் அவர் தொடர்ந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்தோம். அவர்கள் வந்து இன்னொருமுறை ஷாக் கொடுத்த பிறகு, நாடி இருக்கிறது என்று அரபியில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார். மேலாளர்தான் எனக்கு அதை மொழிபெயர்த்தார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் பிழைத்தார். ஐ.சி.யூ.வில் மயக்கத்திலேயே வைத்திருந்து, பிறகு மெல்ல எழுப்பினார்கள். அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். என்னையும் கண்டுகொண்டார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, பேக்கப் முடிந்ததா என்றுதான்.

"முடிஞ்சிருச்சு அண்ணே" என்றேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, பேக்கப் முடிந்ததா என்று கேட்டார்.

மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகாததில், புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் பிறகு விளக்கினார். பழையது எல்லாம் இருக்கும். பேச்சும் யோசனையும் இருக்கும். இன்று நடப்பது தங்காது. காலப்போக்கில் கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

உடைந்த விலா அவருக்கு நெடுநாள் வலித்தது. நெஞ்சு ஏன் நோகிறது என்று கேட்பார். அக்கா நடந்ததைச் சொல்வார், நான் அழுத்தியதைச் சொல்வார். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். கண் நிறைந்துவிடும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீயே என்னைக் காப்பாத்தினது?" என்பார். நான் போன ஒவ்வொருமுறையும், சில நாள் ஒரே வருகையில் மறுபடியும், அதே பார்வை, அதே நன்றி, அப்போதுதான் கேள்விப்பட்டது போல. ஒருமுறை கேட்டால் மனம் நிறையும் சொல் அது. அத்தனை தடவை அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. இனி அதைச் சொல்ல வேண்டாம் அக்கா என்று நானே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு, தவறி விழுந்துவிட்டீர்கள் என்று அக்கா சொல்லத் தொடங்கினார். அவரும் ஏற்றுக்கொண்டார்.

அலுவலகத்தில் இந்தச் சம்பவம் ஒரு பாடமாகிவிட்டது. மேலாளர் ஒரு பெரிய கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, தன் வேலைக்கு வெளியே ஒன்றைக் கற்றுக்கொண்டதால் இவர் ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்றார். கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. அந்த நேபாளத்துக்காரரை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நானே அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கும் கைதட்டினார்கள். அண்ணன் படிக்காததற்குக் கிடைத்த தண்டனை போலவும், நான் படித்ததற்குக் கிடைத்த பரிசு போலவும் அந்தப் பேச்சு ஒலித்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவருக்கு இதயம் நின்றது. பக்கத்தில் இருந்தவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது.

அதோடு, அறையில் தனியாக உட்கார்ந்தபோது இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. கிளவுடும் முதலுதவியும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். டேட்டாபேஸ் மறுபடி நடுவில் நின்றால், அன்று அவர் செய்தது போல என்னால் செய்ய முடியாது. அத்தனை வருடமும் அவர் பக்கத்து மேஜையில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மேலாளர் கேட்டபோது, வெளியே எதுவும் வேண்டாம், டேட்டாபேஸையே இன்னும் படிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

விடுமுறை நாட்களில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். எனக்குப் புரியாத இடங்களை அவரிடம் கேட்பேன். பழைய வெர்ஷன்களைப் பற்றி என்றால் அவர் சொல்லில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. அந்த நேரம் மட்டும் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றும். அக்கா தையலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசி முடித்ததும், "என்ன பிள்ளை, எப்ப வந்தனீ?" என்பார்.

நிறுவனம் அவரை நீண்ட லீவில் வைத்திருந்தது. நடமாட்டம் தெளிந்த பிறகு மேலாளர் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். ஒரு வாரம் அக்கா அவரைக் காலையில் கொண்டுவந்து விட்டுப் போவார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் பழையபடி இருந்தன. ஆனால் டேட்டாபேஸில் ஒரு டேபிளைத் திறப்பார், யாரோ கதவைத் தட்டுவார்கள், திரும்பினால் எதற்காகத் திறந்தோம் என்பது போயிருக்கும். அவருக்கு மாற்றும் அதிகாரம் கொடுக்காமல், பார்க்க மட்டும் முடிகிற லாகினைத்தான் கொடுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். கட்டளை ஒன்றை அடித்து, அனுமதி இல்லை என்று திரையில் வந்ததைப் படித்தார். என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேலை செய்தனீ" என்றார். கோபம் இல்லை. "என்னை மாதிரி ஒருத்தன் இதில இருந்தா, நானும் உதைத்தான் செய்திருப்பன்."

கீபோர்டை முன்னால் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "முந்தி நான் படிக்க மாட்டன் எண்டனான். அது என்ர இஷ்டம். படிக்க ஏலாது எண்டுறது வேற, பிள்ளை. அது எனக்குத் தெரியாமல் போச்சு."

அன்று மதியம் தானே மேலாளரிடம் போய், வேலையை விடுகிறேன் என்று சொன்னார். சொன்னதை மறந்துவிடுவோம் என்று பயந்து, அங்கேயே உட்கார்ந்து ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மேலாளர் அவரை லிப்ட் வரை கூட்டிவந்து, கட்டிப்பிடித்து அனுப்பினார்.

மருத்துவமனையில் அண்ணனுக்கு நினைவுப் பயிற்சி கொடுத்த பெண் ஒருவர் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு நடந்தது நினைவில் நிற்காது, ஆனால் கைப்பழக்கம் நிற்கலாம், ஒரே வேலையை ஒரே மாதிரி தினமும் செய்ய வையுங்கள் என்று. அக்காவிடம் இருந்தது தையல் மெஷின்தான். அவரை உட்கார வைத்து நூல் கோக்கச் சொன்னார், பெடலை மிதிக்கச் சொன்னார், திரைச்சீலைக்கு நேர்த்தையல் போடச் சொன்னார். தினமும் முதலிலிருந்து. தினமும் அவர், "எனக்கு உது தெரியாதே" என்பார். மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று அக்கா சொன்னார். பொறுமை போய் ஒருமுறை அக்காவே துணியை வீசிவிட்டு அழுதாராம். அதையும் அண்ணன் மறந்துவிட்டு, ஏன் அழுகிறாய் என்று கேட்டிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் நான் போயிருந்தபோது பார்த்தேன். "நான் மெஷின் தொட்டதே இல்லை" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தார். துணியை நேராக வைத்து, முனையில் கொஞ்சம் பின்னால் ஓட்டி முடிச்சுப் போட்டு, சீராகத் தைத்துக்கொண்டு போனார். கை அறிந்திருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. முடித்துவிட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். அக்காவிடம், "உன்ர வேலை நல்ல நேர்த்தி" என்றார். அக்கா இல்லை என்று சொல்லவில்லை.

விசா முடியும்முன் அவர்கள் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். அக்காவின் சகோதரி வீட்டுக்கு அருகில் ஒரு சின்னக் கடை எடுத்துத் தைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடை அதிகம் வருகிறதாம். அக்கா வெட்டுவார், அண்ணன் தைப்பார். ஞாபகமும் சற்றுத் திரும்பியிருக்கிறது. காலையில் நடந்தது மதியம்வரை நிற்கிறது. கடைக்கு வரும் பெண்கள் சிலரின் முகம் பழகிவிட்டது. பெயர் தங்கவில்லை.

எனக்கு அடுத்த மேஜையில் இப்போது வேறொருவர் இருக்கிறார், கேரளத்துப் பெண். வேறு ஏதாவது படிக்கட்டுமா, இதையே படிக்கட்டுமா என்று அவள் என்னிடம் கேட்டாள்.  அண்ணன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியானால் எதைப் படிக்கச் சொல்கிறீர்கள் என்று மறுபடி கேட்டாள். இரண்டுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது, முடிகிறபோதே படி என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குப் போதுமான பதிலாக இருந்ததா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். யார் என்று நான் சொல்வதற்குள் குரலை வைத்தே கண்டுகொண்டார். வெயில் எப்படி, வேலை எப்படி என்று கேட்டார். பேசிக்கொண்டே அவர் மெஷினை ஓட்டும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே போயிருப்பதாகவும், தான் வேலையாக இருப்பதாகவும் சொன்னார். வைக்கிறேன் அண்ணே என்றேன்.

"வை பிள்ளை. இந்தச் சட்டை பின்னேரம் குடுக்க வேணும்" என்றார்.